பார்க்கின் இல்லாத இடத்தில் அந்த ஆன்டிபாடி என்ன சொல்கிறது?

புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்துப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படம் அது. அந்தப் பட்டை அவ்வளவு தெளிவாக இருந்தது. 52 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) எடைக்கான உயரத்தில், ஓரம் சிதறாமல், கன்னங்கரேலென்று ஒற்றைக் கோடு. நாங்கள் தேடிக்கொண்டிருந்தது பார்க்கின் என்ற புரதத்தை. அதன் எடையும் ஏறக்குறைய 52 கிலோடால்டன்தான். கிடைத்துவிட்டது என்று மூன்று வாரம் அந்தப் பட்டையின் அடர்த்தியை அளந்து, மருந்து கொடுத்த செல்லில் கூடுகிறதா, கொடுக்காத செல்லில் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காவது வாரம், வேறொரு தேவைக்காக, ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களின் சாற்றைப் பக்கத்து லேனில், அதாவது ஜெல்லின் அடுத்த ஓடுபாதையில், ஏற்றினோம். ஹீலா செல்களில் பார்க்கின் கண்டறியக்கூடிய அளவில் கிடையாது. இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. திரையில் படம் வந்தபோது ஹீலா லேனிலும் அதே உயரத்தில், அதே கறுப்பில், அதே பட்டை இருந்தது.

மூன்று வாரமாக நாங்கள் அளந்தது வேறு ஏதோ ஒரு புரதத்தை.

ஆன்டிபாடி வந்த குப்பியில் பார்க்கின் என்று அச்சிட்டிருந்தது. கூடவே வந்த தாளில் 52 கிலோடால்டனில் பட்டை தெரியும் படமும் இருந்தது. தாளில் இருந்த படமும் எங்கள் படமும் அச்சு அசலாக ஒத்துப்போயின. அதனால்தான் சந்தேகமே வரவில்லை. யுபிக்விட்டினேற்றம் என்ற செயலில் பங்கெடுக்கும் புரதங்களைத் தேடும்போது இந்த ஏமாற்றம் மற்ற இடங்களைவிட எளிதாக நடக்கிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்தச் செயலையும், ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட குட்டிப் புரதம். எடை சுமார் 8.5 கிலோடால்டன். 1975இல் கிடியன் கோல்ட்ஸ்டீன் குழுவினர் இதைக் கண்டபோது தேடிய உயிரிகளில் எல்லாம் இருந்ததால், எங்கும் நிறைந்தது என்று பொருள்படும் பெயரே அமைந்தது. என்ன வேலை செய்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆரன் சீக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் அந்த வேலையைப் படிப்படியாக விளக்கினார்கள். 2004ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. செல் ஒரு புரதத்தை அழிக்க முடிவு செய்தால், அதிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் ஒன்றின்மேல் யுபிக்விட்டினைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. ஒட்டிய யுபிக்விட்டின்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று சங்கிலி வளர்கிறது. புரோட்டியாசோம் என்ற பெரிய பீப்பாய் வடிவ இயந்திரம் அந்தச் சங்கிலியைப் பார்த்துப் புரதத்தை உள்ளே இழுத்து நறுக்கிவிடுகிறது.

ஒட்டும் வேலையை மூன்று வகை நொதிகள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்கின்றன. ஈ1 நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து யுபிக்விட்டினைத் தயார்ப்படுத்துகிறது. ஈ2 அதை வாங்கித் தன் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் தாங்கிக்கொள்கிறது. எந்தப் புரதத்தில் ஒட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுத்து முடித்து வைப்பது ஈ3. மனித உடலில் ஈ1 இரண்டுதான். ஈ2 நாற்பதை ஒட்டி இருக்கின்றன. ஈ3 மட்டும் அறுநூறுக்கு மேல். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அதனிடம் இருப்பதால் அத்தனை வகை தேவைப்படுகிறது.

பார்க்கின் இந்த ஈ3 கூட்டத்தைச் சேர்ந்தது. 465 அமினோ அமிலங்கள். 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வரும் குடும்பங்களில் ஒரு மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பார்க்கின் என்ற பெயர் அந்த நோயிலிருந்தே வந்தது. 2000இல் அது ஒரு ஈ3 நொதி என்பது தெரிந்தது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப்போய் அவற்றின்மேல் யுபிக்விட்டினை ஒட்டி அப்புறப்படுத்த உதவுகிறது என்று 2008இலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. நரம்புச் செல்கள் ஏன் சாகின்றன என்ற கேள்விக்கு இது ஒரு வாசல். அதனால் உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் பார்க்கினைத் தேடுகின்றன, பார்க்கினுக்கான ஆன்டிபாடிகளும் சந்தையில் குவிந்து கிடக்கின்றன.

இனி ஆன்டிபாடியின் பக்கம் வருவோம். பாடநூல்களில் நோயெதிர்ப்பொருள் என்று படித்திருப்போம். ஆய்வகத்தில் ஆன்டிபாடி என்றுதான் பேச்சு. யுபிக்விட்டின் அடையாளம் காணப்பட்ட அதே 1975இல்தான், ஜார்ஜஸ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியைத் தொடர்ந்து சுரக்கும் கலப்புச் செல்களை உருவாக்கும் வழியை வெளியிட்டார்கள். ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரண்டு கதைகளும் பின்னாளில் ஒரே ஜெல்லில் சந்தித்துக்கொண்டன என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆன்டிபாடிக்குப் புரதத்தின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சிறு மேற்பரப்பு. சில அமினோ அமிலங்கள் சேர்ந்து உண்டாக்கும் வடிவமும் மின்னூட்டமும்தான் அதன் கைக்குப் பொருந்தும். இந்த இடத்தை எபிடோப் என்பார்கள். அதே மாதிரி மேற்பரப்பு வேறு புரதத்தில் ஓரளவு இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். பொருத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தால்கூட, அந்த வேற்றுப் புரதம் செல்லில் ஆயிரம் மடங்கு அதிகமாக இருக்குமானால், படத்தில் பளிச்சென்று தெரிவது அதுதான். பார்க்கின் விஷயத்தில் நடப்பது பெரும்பாலும் இதுவே.

வெஸ்டர்ன் பிளாட் செய்து பார்த்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடமாக இருக்கும். செல்லை உடைத்துச் சாறு எடுத்து, எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகை வேதிப்பொருளைக் கலந்து 95 டிகிரியில் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கிறோம். புரதங்களின் மடிப்பெல்லாம் அவிழ்ந்து நூல் மாதிரி நீள்கின்றன. ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் சிறியவை வேகமாகக் கீழே போகும், பெரியவை மேலேயே தங்கும். அப்படிப் பிரிந்ததை மெத்தனாலில் நனைத்த பிவிடிஎஃப் சவ்வுக்கு மாற்றி, வெற்றிடங்களைப் பால்பவுடர் கரைசலால் மூடி, முதல் ஆன்டிபாடியில் இரவு முழுக்க 4 டிகிரியில் ஆட்டி வைக்கிறோம். மறுநாள் கழுவி, முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி போட்டு, மறுபடியும் கழுவி, ஒளி உமிழும் கரைசலை ஊற்றிப் படம் எடுத்தால் பட்டைகள் தெரிகின்றன. இரண்டு நாள் வேலையின் பலன் ஒரு சில கோடுகள். அந்தக் கோடு எதிர்பார்த்த உயரத்தில் இருந்துவிட்டால் மனம் உடனே நம்பிவிடும். அந்த நேரத்தில் உயரம் சொல்லும் செய்தி எவ்வளவு குறைவு என்பது நினைவுக்கு வருவதில்லை. மனிதரில் புரதத்துக்கான மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. 50 கிலோடால்டன் பக்கம் எடை உள்ள புரதங்கள் ஏராளம்.

அதுவும் 50 கிலோடால்டன் பகுதி ஜெல்லிலேயே மிக நெரிசலான இடம். செல்லின் சட்டகமான டியூபுலின், விமென்டின், பல கெரட்டின்கள் எல்லாம் அந்த அக்கம்பக்கத்தில்தான் நிற்கின்றன. எல்லாமே கொட்டிக் கிடக்கும் புரதங்கள். பார்க்கினோ, ஆய்வகத்தில் வளர்க்கும் பல செல் வகைகளில் மிகக் குறைவு.

இதைவிடத் தந்திரமான ஒன்று உண்டு. ஆன்டிபாடியும் ஒரு புரதம்தானே. முழு எடை சுமார் 150 கிலோடால்டன். கொதிக்க வைத்துச் சல்ஃபர் பிணைப்புகளை உடைத்தால் 50 கிலோடால்டன் கனச் சங்கிலிகளாகவும் 25 கிலோடால்டன் இலேசுச் சங்கிலிகளாகவும் பிரியும். எலியின் மூளைச் சாற்றை எடுத்து, எலியில் உருவாக்கிய ஆன்டிபாடியால் தேடினால் என்ன ஆகும்? இரண்டாம் ஆன்டிபாடி எலியின் ஆன்டிபாடி எதைக் கண்டாலும் பிடிக்கும்படி செய்யப்பட்டது. மூளைத் திசுவில் தங்கிய இரத்தத்தில் எலியின் சொந்த ஆன்டிபாடிகள் இருக்கும். அவற்றின் கனச் சங்கிலி 50 கிலோடால்டனில் பட்டை போடும். 52இல் தேடுகிறவர் கண்ணுக்கு அது பார்க்கின் போலவே தெரியும். முதல் ஆன்டிபாடியே போடாமல் இரண்டாவதை மட்டும் போட்டு ஒரு சவ்வுத் துண்டைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அரைமணி நேரக் கூடுதல் வேலை. இதைச் செய்யாமல் விட்ட படங்கள் எத்தனை என்று யோசித்தால் மனசு கனக்கிறது.

இம்யூனோபிரெசிபிடேஷன் செய்யும்போதும் இதே தொல்லை. மணிகளில் ஆன்டிபாடியைக் கட்டி, சாற்றிலிருந்து பார்க்கினைப் பிடித்து இழுத்துக் கொதிக்க வைத்தால், பார்க்கினோடு ஆன்டிபாடியின் கனச் சங்கிலியும் கழன்று வந்து அதே உயரத்தில் உட்காரும். அதனால் பிடிப்பதற்கு முயல் ஆன்டிபாடி, பிளாட்டில் பார்ப்பதற்கு எலி ஆன்டிபாடி என்று வெவ்வேறு விலங்கிலிருந்து எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

சரி, ஒரு வேளை உண்மையான பார்க்கினையே பிடிக்கும் ஆன்டிபாடி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒற்றைப் பட்டைதான் வர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பார்க்கினின் ஆர்என்ஏவில் இரண்டாவதாக ஒரு தொடக்க இடம் உண்டு. 80ஆம் இடத்து மெத்தியோனினிலிருந்தும் புரதத் தயாரிப்பு தொடங்கலாம். அப்படிப் பிறக்கும் குட்டைப் பார்க்கின் சுமார் 42 கிலோடால்டன். அதில் முன்முனைப் பகுதி கிடையாது. ஆன்டிபாடியின் எபிடோப் முன்முனையில் இருந்தால் 52 மட்டும் தெரியும். பின்முனையில் இருந்தால் இரண்டும் தெரியும். எபிடோப் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் 42ஐ அழுக்கு என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, 42ஐயே முழுப் புரதம் உடைந்த துண்டு என்று கதை எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் முன்னால் குப்பியோடு வந்த தாளில் எபிடோப் எந்த வரிசைக்குள் என்று பார்த்துவிட வேண்டும்.

முன்முனையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் வடிவம் யுபிக்விட்டினைப் போலவே இருக்கும். யுபிக்விட்டின் போன்ற பகுதி என்றே அதற்குப் பெயர். சும்மா இருக்கும் பார்க்கினில் அந்தப் பகுதி மீதி உடலோடு ஒட்டி நின்று நொதியைப் பூட்டி வைக்கிறது. பிங்க்1 என்ற கைனேஸ், யுபிக்விட்டினின் 65ஆம் செரினிலும் பார்க்கினின் 65ஆம் செரினிலும் பாஸ்பேட்டை ஏற்றினால் பூட்டு திறக்கிறது. மடிந்த நிலையில் உள்ளே ஒளிந்திருக்கும் பரப்பைத் தேடும் ஆன்டிபாடி, கொதிக்க வைத்து அவிழ்த்த பிளாட்டில் பிரமாதமாக வேலை செய்யும், அவிழ்க்காத சாற்றில் ஒன்றையும் பிடிக்காது. ஃபார்மால்டிஹைடு போட்டு நிலைநிறுத்திய செல்லில் நுண்ணோக்கியால் பார்ப்பது இன்னொரு தனி உலகம். ஃபார்மால்டிஹைடு லைசின்களை ஒன்றோடொன்று கட்டிவிடும், எபிடோப்பில் லைசின் இருந்தால் முகமே மாறிவிடும். ஆகவே பிளாட்டுக்குச் சரி என்ற சான்று நுண்ணோக்கிக்குச் செல்லாது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

அப்படியானால் எதை வைத்து நம்புவது? என் பதில் ஒன்றுதான். இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்லத் தெரிந்த ஆன்டிபாடியை மட்டும் நம்பலாம். பார்க்கின் மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் அழித்த நாக்அவுட் செல், அழிக்காத அதன் தாய்ச் செல், இரண்டின் சாற்றையும் பக்கம் பக்கமாக ஏற்ற வேண்டும். தாய்ச் செல்லில் இருக்கும் பட்டை நாக்அவுட்டில் மறைந்தால் அது பார்க்கின். இரண்டிலும் இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், எடை கச்சிதமாக இருந்தாலும், அது வேறு. இந்தச் சோதனைக்கு மாற்று கிடையாது என்றே நினைக்கிறேன். ஹீலா செல் இதற்கு இயற்கையே கொடுத்த அரைகுறை நாக்அவுட் மாதிரி. முதல் கட்டச் சோதனைக்கு உதவும். ஆனால் ஹீலா வேறு தாயின் பிள்ளை, அதில் மற்ற புரதங்களின் அளவும் மாறுபடும். எனவே அதில் பட்டை வந்தால் ஆன்டிபாடியைத் தள்ளிவிடலாம், வராவிட்டால் மட்டும் தேர்ச்சி கொடுத்துவிட முடியாது.

மாறாக, பலர் காட்டும் சான்று வேறு விதமானது. செல்லுக்குள் பார்க்கின் மரபணுவைத் திணித்து, ஏராளமாகப் புரதம் உண்டாக்கி, அதை ஆன்டிபாடி பார்க்கிறது என்று படம் போடுவார்கள். அந்தச் செல்லில் பார்க்கின் இயல்பைவிடப் பன்மடங்கு இருக்கும். சுமாரான ஆன்டிபாடியும் அங்கே பளிச்சென்று தெரியும். ஆன்டிபாடியால் பார்க்கினைத் தொட முடிகிறது என்பதற்கு அது சான்று. இயல்பான செல்லில் காட்டும் பட்டை பார்க்கின்தான் என்பதற்கு அது சான்றாகாது. போதாக்குறைக்கு, முன்முனையில் அடையாள ஒட்டு சேர்த்தால் பார்க்கினின் பூட்டே தளர்ந்துவிடும் என்பதும் தெரிந்த செய்தி. அப்புறம் பார்ப்பது இயல்பான பார்க்கினின் நடத்தையாக இருக்காது.

ஈ3 நொதிகளுக்கே உரிய இன்னொரு சிக்கல், அவை தம்மேலேயே யுபிக்விட்டினை ஏற்றிக்கொள்வது. சிசிசிபி என்ற வேதிப்பொருளைக் கொடுத்து மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் குலைத்தால் பார்க்கின் விழிக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஓடுகிறது, வேலை செய்கிறது, நேரம் போகப்போகத் தானும் குறைகிறது. 52இல் இருந்த பட்டை மங்குவதை வைத்து, மருந்து பார்க்கின் உற்பத்தியை நிறுத்திவிட்டது என்று எழுதினால் கதை தலைகீழாகிவிடும். பட்டை மங்குவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். புரதம் அழிந்திருக்கலாம். யுபிக்விட்டின் ஏறி எடை கூடி மேலே போயிருக்கலாம். அல்லது கரையாத பகுதிக்குப் போய், சாற்றைச் சுழற்றும்போது அடியில் வண்டலோடு தங்கியிருக்கலாம். வண்டலையும் ஒரு லேனில் ஏற்றிப் பார்ப்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த இடத்தில் பார்க்கினை மட்டும் பார்க்காமல் அது செய்யும் வேலையையும் பார்ப்பது கைகொடுக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் மைட்டோஃபியூசின்2 என்ற புரதம் இருக்கிறது. பார்க்கின் விழித்ததும் முதலில் கைவைப்பவற்றில் இதுவும் ஒன்று. சிசிசிபி கொடுத்த செல்லில் மைட்டோஃபியூசின்2 பட்டைக்கு மேலே, சுமார் 8 கிலோடால்டன் தள்ளி, மெல்லிய இரண்டாவது பட்டை எழும். ஒரே ஒரு யுபிக்விட்டினின் எடை அது. பார்க்கின் இல்லாத செல்லில் அந்த மேல்பட்டை அப்படி எழுவதில்லை. ஒரு நொதியின் தடயத்தைப் படிக்கட்டு மாதிரி கண்ணால் பார்ப்பது மறக்க முடியாத அனுபவம். எங்கள் மூன்று வாரப் படங்களில் 52 பட்டை எவ்வளவு ஏறி இறங்கினாலும் மைட்டோஃபியூசின்2 அசையவே இல்லை. அந்த முரண்பாடு கண்முன்னே இருந்தது, நாங்கள் அதற்கு வேறு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஈ2 நொதிகளின் ஆன்டிபாடியில் வேறு வகையான அழகு உண்டு. ஈ2 யுபிக்விட்டினைச் சிஸ்டீனில் தாங்கும் பிணைப்பு தயோஎஸ்டர் வகை. சாம்பிள் பஃபரில் நாம் வழக்கமாகப் போடும் டிடிடி அல்லது பீட்டா-மெர்காப்டோஎத்தனால் அதை உடைத்துவிடும். யூபிஇ2எல்3 என்ற ஈ2வின் எடை சுமார் 18 கிலோடால்டன். டிடிடி போன்றவற்றைப் போடாமல் ஜெல் ஓட்டினால் 18இல் ஒரு பட்டை, அதற்கு மேல் யுபிக்விட்டின் ஏறிய பட்டை என்று இரண்டு தெரியும். டிடிடி போட்ட லேனில் மேல்பட்டை மறைந்து கீழ்ப்பட்டை தடிக்கும். ஒரே ஆன்டிபாடி, ஒரே சாறு, ஒரு சொட்டு டிடிடிதான் வித்தியாசம். நொதி சுமையோடு நிற்கிறதா, வெறுங்கையோடு நிற்கிறதா என்பது வரை தெரிந்துவிடுகிறது.

யுபிக்விட்டினையே பிடிக்கும் ஆன்டிபாடிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஈ3 ஆய்வு எதுவும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். பி4டி1 என்ற ஆன்டிபாடி தனியாகத் திரியும் யுபிக்விட்டினையும் பிடிக்கும், ஒட்டியதையும் பிடிக்கும். எஃப்கே2 ஒட்டியதை மட்டும் பிடிக்கும், அது ஒற்றையாக இருந்தாலும் சங்கிலியாக இருந்தாலும். எஃப்கே1 சங்கிலியை மட்டும். மூன்றையும் யுபிக்விட்டின் ஆன்டிபாடி என்று ஒரே பெயரில் எழுதிவிட்டால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. சங்கிலியிலும் வகை உண்டு. யுபிக்விட்டினில் ஏழு லைசின்கள் இருக்கின்றன, சங்கிலி எந்த லைசின் வழியாகவும் வளரலாம், முன்முனை மெத்தியோனின் வழியாகவும் வளரலாம். 48ஆம் லைசின் வழிச் சங்கிலி புரோட்டியாசோமுக்கு அனுப்பும் கையெழுத்து. 63ஆம் லைசின் வழிச் சங்கிலி பெரும்பாலும் சமிக்ஞைக்கும் டிஎன்ஏ பழுது நீக்கத்துக்கும். 2008இல் இந்த இரண்டையும் பிரித்தறியும் ஆன்டிபாடிகள் வெளியாயின. அதுவரை சங்கிலி இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடிந்த பிளாட், எந்தச் சங்கிலி என்றும் சொல்லத் தொடங்கியது.

இந்தப் பிளாட்டில் பட்டை கிடையாது, தீற்றல்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெவ்வேறு நீளச் சங்கிலிகள் கலந்திருப்பதால் லேனின் மேல்பாதி முழுக்கக் கருமை படர்ந்திருக்கும். தீற்றல் வராமல் போவதற்குப் பொதுவான காரணம் ஆன்டிபாடி சரியில்லை என்பதல்ல. செல்லில் யுபிக்விட்டினைக் கழற்றும் நொதிகள் நூறு அளவில் இருக்கின்றன. செல்லை உடைத்ததும் அவை தம் வேலையைத் தொடரும். குளிரில் வைத்தாலும் நிற்காது. அவற்றில் பெரும்பாலானவை சிஸ்டீனை நம்பி இயங்குபவை என்பதால், உடைக்கும் கரைசலிலேயே என்-எதில்மலிமைடு சேர்த்தால் முடங்கிவிடும். அதை அன்றன்றைக்குப் புதிதாகக் கரைக்க வேண்டும், நீரில் அது நிலைத்திருக்காது. பழைய கரைசலை ஊற்றிவிட்டு ஆன்டிபாடியைக் குறை சொன்ன சம்பவங்களைப் பார்த்திருக்கிறேன்.

தீற்றல் வந்தாலும் ஒரு கேள்வி மிச்சம். பார்க்கினைப் பிடித்து இழுத்து யுபிக்விட்டின் ஆன்டிபாடியால் பார்த்தோம், தீற்றல் இருக்கிறது. அது பார்க்கின்மேல் ஏறியதா, பார்க்கினோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறு புரதத்தின்மேல் ஏறியதா? முதலில் 1 சதவீத எஸ்டிஎஸ்ஸில் சாற்றைக் கொதிக்க வைத்து எல்லாக் கூட்டாளிகளையும் பிரித்துவிட்டு, பத்து மடங்கு நீர்க்க வைத்து, அதற்குப் பிறகு இழுத்தால் பதில் கிடைக்கும். இதற்கு அவிழ்ந்த பார்க்கினைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும். எபிடோப் எங்கே என்ற கேள்வி மறுபடியும் இங்கே வந்து நிற்கிறது.

மூலக்கூறுகளின் எடையைத் துல்லியமாக அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வழியாக இன்னும் நுட்பமான ஒரு ஆன்டிபாடி வந்தது. யுபிக்விட்டினின் கடைசி இரண்டு அமினோ அமிலங்கள் கிளைசின், கிளைசின். ட்ரிப்சின் நொதியால் எல்லாப் புரதங்களையும் நறுக்கினால் யுபிக்விட்டின் ஏறியிருந்த லைசின்மேல் அந்த இரண்டு கிளைசின்கள் மட்டும் எச்சமாகத் தங்கும், எடையில் 114 டால்டன் கூடும். அந்த எச்சத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி 2010இல் வந்தபின், ஒரே சோதனையில் ஆயிரக்கணக்கான இடங்களைப் பட்டியலிட முடிந்தது. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. நெட்8, ஐஎஸ்ஜி15 என்ற யுபிக்விட்டினின் உறவுக்காரப் புரதங்களும் அதே எச்சத்தைத்தான் விட்டுச்செல்கின்றன.

இத்தனையும் ஒரு பார்க்கினோடு முடிகிற சங்கதியா? 2023இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு, 65 மனிதப் புரதங்களுக்காக விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தது. குறித்த புரதத்தைப் பிடிக்கவே பிடிக்காத ஆன்டிபாடியால் எடுத்த படங்கள், ஒரு புரதத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 12 ஆய்வுக் கட்டுரைகளில் இருந்தன. நல்ல செய்தியும் அதே ஆய்வில் இருந்தது. மரபணு வரிசை தெரிந்து செல்லில் தயாரிக்கப்படும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. முடிவுகளைப் பார்த்து விற்பனையாளர்கள் சில ஆன்டிபாடிகளைத் திரும்பப் பெற்றார்கள், சிலவற்றுக்குப் பயன்பாட்டுப் பரிந்துரையை மாற்றினார்கள்.

முயலின் இரத்தத்திலிருந்து எடுக்கும், பல ஆன்டிபாடிகள் கலந்த பாலிகுளோனல் வகையில் இந்த உறுதி வராது. அந்த முயல் போனால் அந்தக் கலவையும் போயிற்று. அடுத்த முயல் வேறு கலவை தரும், குப்பியின் பெயரும் எண்ணும் அப்படியே இருக்கும், தயாரிப்புத் தொகுதியைக் குறிக்கும் லாட் எண் மட்டும் மாறும். ஆய்வுக் கட்டுரைகளில் லாட் எண்ணையும் எழுதுங்கள் என்று மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது. மூன்று ஆண்டு கழித்து ஒருவர் அதே சோதனையைச் செய்து வேறு படம் பெற்றால், காரணத்தைத் தேட அவருக்கு இருக்கும் ஒரே நூல் அந்த எண்தான்.

வாங்கும் முன் தாளில் நான் பார்ப்பது மிகச் சில. நாக்அவுட் லேன் இருக்கிறதா? இருந்தால் படம் முழுச் சவ்வாக இருக்கிறதா, 52ஐச் சுற்றி மட்டும் வெட்டிய கீற்றா? வெட்டிய கீற்றில் 30இலும் 70இலும் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சாறு இயல்பான செல்லிலிருந்தா, மரபணு திணித்த செல்லிலிருந்தா? இவ்வளவு பார்த்துவிட்டும் என் கையில் இருக்கும் செல்லில், என் கரைசலில், ஒரு முறை செய்து பார்க்காமல் எந்த முடிவையும் எழுதுவதில்லை. வேறு எபிடோப்பைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி ஒன்றும் கூடவே இருந்தால் நிம்மதி.

அந்த ஹீலா லேனுக்குப் பிறகு நாங்கள் மூன்று வாரப் படங்களையும் ஒதுக்கிவிட்டு வேறொரு ஆன்டிபாடியை வாங்கினோம், பின்முனையைப் பிடிப்பது. முதல் ஜெல்லில் மூன்றே சாம்பிள்கள்: எங்கள் நரம்புச் செல், அதன் பார்க்கின் நாக்அவுட், ஹீலா. படம் வர நேரமானது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, ஒளிசேர்க்கும் நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடமாக்கினோம். முதல் லேனில் 52இல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே 42இல் அதைவிட மெலிதாக இன்னொன்று. பழைய பட்டையின் கறுப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்து இரண்டு லேன்களிலும் அந்த உயரத்தில் வெள்ளைச் சவ்வு மட்டுமே இருந்தது.